தொட்டிக்குள் கிடந்த எலும்பு

இந்தத் தடவை எலும்பு தீவனத் தொட்டிக்குள்ளேயே கிடந்தது.

கமலாதேவி பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். நேற்று மாலை அவள் கையால் அள்ளிப் போட்ட நேப்பியர் புல்லின் மிச்சத்துக்கு நடுவே, ஒரு சாண் நீளத்தில், வெள்ளையாக, ஈரமாகக் கிடந்தது. ஏதோ பெரிய பிராணியின் விலா எலும்பு. ஒரு முனை சிதைந்திருந்தது.

முதல் எலும்பைக் கொட்டில் வாசலில் கண்டபோது காகம் போட்டிருக்கும் என்று நினைத்தாள். அடுத்ததுக்குத் தெருநாய்களைத் திட்டினாள். ஆனால் எலும்பைக் கொண்டுவந்து தொட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிற நாயைப் புங்குடுதீவு இதுவரை கண்டதில்லை. இது மனிதக் கை செய்த வேலை.

அதுவும் யாருடைய கொட்டிலில்? மடத்துவெளியில் மச்ச வாடை படாத வீடு என்று பெயரெடுத்த வீடு. மாதமோ மார்கழி. திருவெம்பாவைப் பூசைக்குப் பிள்ளையார் கோயிலுக்கு அபிஷேகப் பால் போவது இந்தக் கொட்டிலிலிருந்து. எலும்பு கிடந்த கொட்டில் என்று ஒரு காதில் விழுந்தால் போதும், இந்தப் பால் கோயில் படி ஏறாது. கோயில் வேண்டாமென்ற பாலை ஊரும் வாங்காது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பாலில்தான்.

எலும்பைச் சாக்கில் சுற்றி விறகுக்கு அடியில் ஒளித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பால் கறக்க உட்கார்ந்தாள். செம்பு பாதிகூட நிரம்பவில்லை. சிவலை சுவரை நக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளாக அதற்குச் சுவரை நக்குவதே வேலை. பின்னங்கால் இரண்டும் மரம்போல் விறைத்து, எழும்பவே சிரமப்பட்டது. வயிற்றில் கன்று வேறு.

யாரோ மாட்டுக்கு என்னவோ செய்கிறார்கள். கமலாதேவிக்கு அதில் சந்தேகமே இல்லை. யார் என்பதுதான் கேள்வி.

அவளுடைய கணவர் மார்க்கண்டு தெற்கே காலி நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை சாம்பலாகிப் போக, கட்டின வேட்டியோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். அவளுடைய நகை போய்ச் சிவலை வந்தது. நாட்டு மாடு இல்லை, கலப்பின மாடு. ஊர் மாடுகள் மூன்று சேர்ந்து கறக்கிற பாலை அது தனியே கறந்தது.

மாரி காலத்தில் வயலில் நெல் நிற்கும். மாடுகளை அவிழ்த்து விட ஏலாது. ஊரார் வைக்கோலும் பனையோலையும் தவிடும் புண்ணாக்கும் கொடுத்துச் சமாளிப்பார்கள். மார்க்கண்டுவுக்குக் கடைக்காரப் புத்தி. தவிடும் புண்ணாக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும், சண்டைக்குள் பாதை எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. எனவே வீட்டுக் காணியில் பாதியை நேப்பியர் புல்லாக்கினார். புல் ஆள் உயரம் வளர்ந்ததும் தவிட்டையும் புண்ணாக்கையும் அடியோடு நிறுத்தினார். என் மாடு பச்சையிலேயே வளருகிறது என்று சந்திக்குச் சந்தி சொல்லித் திரிந்தார்.

இதைப் பார்த்து வயிறெரியக்கூடியவர் யார் என்று யோசித்தபோது கமலாதேவிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கிழக்குக் காணிக்காரர் குடும்பத்தோடு ஜெர்மனியில். தெற்கே ஊர் நடமாடும் ஒழுங்கை. வடக்கே வயல். மிஞ்சியது மேற்கு வேலி. மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் அன்னப்பிள்ளை.

அன்னப்பிள்ளை மார்க்கண்டுவின் ஒன்றுவிட்ட தமக்கை, கமலாதேவிக்கு மச்சாள். சிவலை வருவதற்கு முன் பிள்ளையாருக்குப் பால் கொடுத்தது அவளுடைய கறுப்பி என்ற நாட்டுப் பசு. சிவலை வந்தபின் கோயில் மனேச்சர் சிவபாதத்தார் அன்னப்பிள்ளையை மெல்லக் கைவிட்டார். சீமை மாட்டுப் பால் குளிர்ச்சி, பிள்ளையாருக்குத் தடிமன் பிடிக்கப் போகிறது என்று அவள் கிணற்றடியில் சொல்லிச் சிரித்தது கமலாதேவியின் காதுக்கும் வந்தது. அன்று அதைக் கேட்டு அவளும் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து மேற்கு வேலியில் ஒரு கண் வைத்தாள். கொட்டிலுக்குப் பின்னால், புல்லுக்குள் மறைந்து, தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கோழி புகுந்து புகுந்து உண்டாக்குகிற ஓட்டைபோலத்தான் தெரிந்தது. ஆனால் கோழி கிடுகை மேல்நோக்கி வளைத்துக் கட்டி வைக்காது.

ஒரு காலை, கோயிலுக்குப் பாலைக் கொடுத்துவிட்டு வழக்கத்தைவிட முந்தித் திரும்பினாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் பதுங்கி நடந்தாள். புல் அசைந்தது. காற்று இல்லை.

பொட்டுக்குள்ளால் ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. மெலிந்த கை, மணிக்கட்டில் தேய்ந்த ஒற்றைக் காப்பு. அந்தக் காப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மூச்சு விட்ட சத்தத்துக்கே கை வெடுக்கென்று வெளியே இழுபட்டது. அந்தப் பக்கத்தில் காலடி ஓடிய சத்தம். கமலாதேவி கொட்டிலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவலையின் காலடியில், வைக்கோலுக்குள், இன்னொரு எலும்பு.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்க்கண்டுவிடம் சொன்னாள். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சொந்தத்துக்குள் கோளாறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு கடற்கரைப் புல்வெளியான தரவைக்குப் போனார். கன்று தாங்கிய மாடு கொஞ்சம் நடக்க வேண்டும் என்று தினமும் பின்னேரம் அவரே கொண்டுபோய், பொழுதுபட அவரே கொண்டுவந்து கட்டுவார்.

கமலாதேவி சும்மா இருக்கவில்லை. மறுநாள் பூசை முடிந்து, சனம் திருநீறு வாங்கிக்கொண்டு நிற்கையில், அன்னப்பிள்ளையைக் கோயில் வாசலில் மறித்தாள். எலும்பு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று இரவு முழுக்கத் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். தன் மாட்டுக்கு யாரோ செய்வினை செய்கிறார்கள் என்றாள். யார் என்பதும் தெரியும் என்றாள். சனம் கூடிவிட்டது.

அன்னப்பிள்ளை அலட்டிக்கொள்ளவில்லை.

"செய்வினையோ? எனக்கு அது தெரிஞ்சால் முதலிலை என்ரை முழங்கால் நோவுக்கெல்லோ செய்திருப்பன்" என்றாள். நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் கமலாதேவியைச் சுட்டது. எரிந்துகொண்டிருந்த கற்பூரத் தட்டைக் காட்டினாள்.

"அப்ப உந்தக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ மச்சாள். எங்கடை வேலிக்குள்ளாலை ஒரு நாளும் கை நீட்டேல்லை எண்டு."

சிரிப்பு நின்றது. கற்பூரத்தைக் கையால் அணைத்துச் செய்கிற சத்தியம் பொய்த்தால் வம்சமே தழைக்காது என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவபாதத்தார் வேண்டாம் என்பதுபோல் எதையோ முணுமுணுத்தார். ஆனாலும் தட்டை அப்பால் எடுக்கச் சொல்லவில்லை.

அன்னப்பிள்ளையின் கை உயர்ந்தது. சுடருக்கு மேலே வந்தது. நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனாள்.

அன்று மத்தியானத்துக்குள் செய்தி இறுப்பிட்டி வரைக்கும் போய்விட்டது. அன்னப்பிள்ளையின் படலையை யாரும் திறக்கவில்லை. கிணற்றடியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பேரப்பிள்ளையின் காதுகுத்துக்குச் சொல்லப் போன இடங்களில் ஆட்கள் வீட்டில் இல்லையென்று பதில் வந்தது. கமலாதேவி பொட்டை அடைத்தாள். கிளுவைக் கதியால் தடிகள் நட்டு, பழைய தகரம் வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த காலை, தொட்டிக்குள் எலும்பு கிடந்தது.

கமலாதேவி வேலிக்கு ஓடினாள். தகரம் அசையவில்லை. கம்பி அவிழவில்லை. படலை உள்ளே பூட்டியபடி இருந்தது. அப்படியானால் எலும்பு வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவள்.

மார்க்கண்டு குசினிக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கதவிடுக்கால் பார்த்தாள். மாட்டைப் பின்னேரத்தில் தானே கொண்டுபோவேன் என்று ஏன் இப்படிப் பிடிவாதம்? கடை போனதிலிருந்து மனுசன் சரியாகக் கதைப்பதில்லை. வெளிநாட்டுக்குப் போவோம் என்று அவர் கேட்டபோது மாடு இருக்கிறது என்று மறித்தது அவள்தான். மாடு இல்லையென்றால்? நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அன்று பின்னேரம் அவர் போன பின்னாலேயே அவளும் போனாள்.

மார்க்கண்டு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்; சிவலை பின்னால் இழுபட்டுப் போனது. தரவையை அடைந்ததும் மாட்டை நீளக் கயிற்றில் கட்டினார். பிறகு ஒரு பனை வடலி மறைவில் குந்தி, மடியிலிருந்த சின்ன றேடியோவைக் காதில் வைத்துக்கொண்டார். எங்கே குண்டு விழுந்தது, எங்கே பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதில் மனுசன் மூழ்கிவிட்டார். மாட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாழம் புதருக்குப் பின்னால் நின்ற கமலாதேவி மாட்டைப் பார்த்தாள்.

சிவலை புல்லைத் தொடவில்லை. தலையைத் தாழ்த்தி, மோப்பம் பிடித்து மோப்பம் பிடித்து, கயிறு எட்டுமட்டும் நடந்தது. போன கோடையில் தண்ணீரில்லாமல் செத்த மாடுகளைச் சனம் இழுத்துப் போட்ட இடம் அது. வெயிலில் வெளுத்த எலும்புகள் மணலில் அங்கங்கே கிடந்தன. சிவலை ஒன்றை நாக்கால் வளைத்து எடுத்தது. கடைவாயில் குறுக்கே வைத்துச் சப்பத் தொடங்கியது. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. காலி நகரக் கடைகளில் முதலாளிமார் சுருட்டை வாயில் ஒதுக்கியபடி கணக்குப் பார்ப்பார்களே, அதே நிதானம்.

பொழுதுபட மார்க்கண்டு எழுந்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். மாடு பின்னால் நடந்தது, வாயில் எலும்போடு.

கமலாதேவி குறுக்கே பாய்ந்து மறித்தாள். எலும்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு நாளும் அவளை முட்டாத மாடு தலையை ஆட்டி அவளைத் தள்ளியது. மார்க்கண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அவர்மேல் இருந்த சந்தேகம் அங்கேயே மணலில் விழுந்துவிட்டது. இவ்வளவு திகைப்பை யாராலும் நடிக்க ஏலாது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுடைய சேலைத் தலைப்பு மாட்டின் வாயை மூடியிருந்தது.

மறுநாள் மார்க்கண்டு வாணர் பாலத்தால் சைக்கிளில் போய் மாட்டு டொக்டரைக் கூட்டி வந்தார். நாரந்தனைக்காரர், பெயர் வின்சன்ற். மோட்டார் சைக்கிளை நிறுத்திய கையோடு அவர் பார்த்தது மாட்டை இல்லை, புல்லை. வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு ஒன்றுமில்லை, எல்லாம் பச்சை என்று மார்க்கண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதுதான் அண்ணை பிழை. உந்தப் புல்லாலை வயிறு நிரம்பும், எலும்பு நிரம்பாது" என்றார் டொக்டர்.

பாலுக்கும் வயிற்றுக் கன்றுக்கும் பொசுபரசு என்ற கனியுப்பு வேண்டும். இந்த மண்ணில் அது குறைவு, வெறும் புல்லில் அதைவிடக் குறைவு. தவிட்டிலும் புண்ணாக்கிலும் கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தியாகிவிட்டது. மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் விட்டது. அது தீர்ந்துபோக, செத்த மாட்டின் எலும்பைத் தேடிப் போனது. அதோடு நின்றால் பரவாயில்லை, அழுகின எலும்பில் நஞ்சு இருக்கும், நாக்கு விழுந்து மாடு படுத்துவிட்டால் எழுப்ப மருந்தில்லை என்றார். தவிட்டைத் திரும்பத் தொடங்கி, அதில் கனியுப்புக் கலவையை நாளுக்கு ஒரு சிறங்கை கலந்து வைக்கச் சொன்னார். பையிலிருந்து ஒரு பொதியை எடுத்துக் கமலாதேவியிடம் நீட்டினார். சாம்பல் நிறத் தூள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். டொக்டர் கொஞ்சம் தயங்கினார். உப்பு, இன்னும் சில சத்து வகைகள். கூடுதலாக இருப்பது அவித்து, சுத்தம் செய்து, அரைத்த எலும்புத்தூள்.

அன்று மாலை கமலாதேவி தன் கையாலேயே அந்தத் தூளைத் தொட்டிக்குள் போட்டாள். சிவலை தொட்டியின் அடியை நக்கி நக்கித் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குக் கற்பூரச் சுடருக்கு மேலே நின்ற கை நினைவுக்கு வந்தது. எலும்பு போடாதவள் ஏன் சத்தியம் பண்ணவில்லை?

அன்னப்பிள்ளை முற்றத்தில் இருந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். படலை திறந்த சத்தத்துக்கு நிமிர்ந்தாள். வா என்று சொல்லவில்லை. கமலாதேவி நின்றபடியே தரவையில் கண்டதைச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் அன்னப்பிள்ளை. "உம்மடை மாடு எலும்பு சப்பினதை நான் கண்டனான். ஒரு நாள் இல்லை, கன நாள்."

"கண்டுபோட்டு ஏன் மச்சாள் பேசாமல் இருந்தனீங்கள்?"

"எங்கை நிண்டு கண்டனீங்கள் எண்டு கேப்பீர். பொட்டுக்குள்ளாலை உம்மடை புல்லு அரிஞ்சு கொண்டிருக்கேக்கை கண்டனான் எண்டு சொல்லுறதோ?" புளியங்கொட்டை ஒன்றைத் தூர எறிந்தாள். "என்ரை கறுப்பியும் மாரியிலை திண்ணத்தானே வேணும். கள்ளி எண்ட பேரிலும் பாக்கச் சூனியக்காரி எண்ட பேர் மரியாதை எண்டு விட்டிட்டன்."

கமலாதேவி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையா? அல்லது எலும்புக் கதை எப்படியும் வெளியே வரும், பால் திரும்பித் தன் வீட்டிலிருந்து போகும் என்று காத்திருந்தாளா? அந்த முகத்தில் எதையும் பிடிக்க முடியவில்லை.

"கோயிலடியிலை சொன்னதைக் கோயிலடியிலையே வந்து பிழையெண்டு சொல்லி அழிச்சுவிடும். புல்லுக் கதை அங்கை வேண்டாம். அதுக்கு மேலை நான் ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அன்னப்பிள்ளை மீண்டும் குனிந்துகொண்டாள்.

அழிப்பதென்றால் எலும்பைச் சொல்ல வேண்டும். பிழை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னால், எப்படித் தெரியும் என்று சிவபாதத்தார் கேட்பார். மார்க்கண்டு வேண்டாம் என்றார். ஊர் இரண்டு மாதத்தில் மறந்துவிடும், பால் போனால் திரும்பாது என்றார். அவர் சொன்னது சரி. கடைக்காரர் கணக்குப் பிழைக்காது. ஆனால் கிணற்றடியில் வாளிகள் நகர்வதை அவர் பார்க்கவில்லை. கமலாதேவி தினமும் பார்த்தாள். ஒருநாள் தன் வாளியும் சேர்ந்து நகர்ந்ததைக் கண்டபிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவெம்பாவைக் கடைசிப் பூசை முடிந்ததும் சொன்னாள். மாடு தரவையில் எலும்பு சப்பியது, யாரும் செய்வினை செய்யவில்லை, மச்சாள்மேல் பழி போட்டது தன் பிழை. ஐயர் அபிஷேகச் செம்பைப் பார்த்தார். சிவபாதத்தார் தொண்டையைச் செருமினார். அப்படியானால் அன்னப்பிள்ளை அன்று ஏன் கற்பூரம் அணைக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். கமலாதேவி அன்னப்பிள்ளையைப் பார்த்தாள். அன்னப்பிள்ளை கோபுரத்தைப் பார்த்தாள்.

"கோயிலிலை நிண்டு சத்தியம் பண்ணித்தான் நல்ல பேர் எடுக்க வேணும் எண்ட நிலை எங்கடை குடும்பத்துக்கு இல்லை" என்றாள் அன்னப்பிள்ளை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கமலாதேவியும் வாயைத் திறக்கவில்லை.

சிவபாதத்தார் மரியாதையாகத்தான் சொன்னார். கன்று போடட்டும், துடக்குத் தீட்டுக் கழியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த காலையிலிருந்து பிள்ளையாருக்குப் பால் கறுப்பியிடமிருந்து போனது. ஊரில் பாதி வீடு கமலாதேவியிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டும் பின்வழியால் போத்தலைக் கொடுத்தனுப்பின.

மார்க்கண்டு சந்தியில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டு தவிட்டு மூட்டை தேடி அலைந்தார். தரவைக்குப் போவது நின்றது. மாசி பிறந்தபோது சிவலை சுவரை நக்குவதை விட்டிருந்தது. கால் மடக்கி எழும்பியது. மயிரில் மினுக்கம் திரும்பியிருந்தது. கன்று தப்பும் என்று டொக்டர் சொன்னார்.

அப்படியொரு பின்னேரத்தில் அன்னப்பிள்ளை ஒழுங்கையால் வந்து, படலையைத் தட்டிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு வெறும் சிரட்டை.

புல் இப்போது களவில்லை. வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கமலாதேவியே விட்டிருந்தாள். அன்னப்பிள்ளையும் கறுப்பிக்கு வேறெதையும் கொடுப்பதை விட்டிருந்தாள். கறுப்பி இப்போது கொட்டில் தூணை நக்குகிறதாம். காலும் கொஞ்சம் விறைப்பாம். டொக்டர் தந்த தூளில் ஒரு சிரட்டை தர முடியுமா என்று கேட்டாள்.

கமலாதேவி அவளை உற்றுப் பார்த்தாள். கறுப்பிக்கு உண்மையாகவே சுகமில்லையா? அல்லது உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்துவரச் சிவபாதத்தார் அனுப்பினாரா? இந்த வீட்டுத் தொட்டியில் இன்னும் எலும்பு விழுகிறது என்று தெரிந்தால் மிச்சப் பாதி வீடும் போகும். பேசாமல் கொடுத்துவிடலாம். கொடுத்தால், நாளைக்கு அதுவே தன்மேல் குற்றமாகத் திரும்பி வரும். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் தந்துவிட்டாள் என்று.

"அதுக்குள்ளை எலும்புத்தூள் கிடக்கு மச்சாள்" என்றாள்.

அன்னப்பிள்ளை ஒழுங்கையின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளையாருக்குப் பால் குடுக்கிறது இப்ப நான். நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை. நிரப்பித் தாரும்."

கமலாதேவி சிரட்டையை நிரப்பிக் கொடுத்தாள். முந்தானையால் அதை மூடிக்கொண்டு போன அன்னப்பிள்ளை, ஒழுங்கை முடிவில் தன் வீட்டுப் பக்கம் திரும்புகிறாளா, மனேச்சர் வீட்டுப் பக்கம் திரும்புகிறாளா என்று படலையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுப் பக்கம்தான் திரும்பினாள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினாள்.